கதிர்க்குருவி: பெயர் ஒன்று, வம்சம் வேறு

மழை முடிந்து செடி தழைத்த பிறகு, காலையில் மிளகாய்க் கொல்லை வரப்பில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் "டீ… டீ… டீ" என்று மூக்கால் இழுக்கும் ஒரு சத்தம் கேட்கும். வாலை நிமிர்த்தியபடி ஒரு குட்டிப் பறவை செடியின் உச்சிக்கு ஏறும், ஒரு நொடி பார்க்கும், மறுபடி உள்ளே புகுந்துவிடும். அதுதான் சாம்பல் கதிர்க்குருவி. அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 13 செ.மீ.; அதில் கணிசமான பங்கு வால்தான். எடையோ ஒரு பத்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்தால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான், ஏழெட்டு கிராம்.

இந்தப் பறவையின் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்புக்கு, பிரினியா என்று பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை ஏறக்குறைய 30 இனங்கள் இதில் உண்டு. ராமநாதபுரம் கடற்கரையோரம் அவற்றில் மூன்றை எளிதாகப் பார்க்கலாம். பறவைகளை எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்று கற்றுக்கொள்ள இந்த மூன்றைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது கடினம். காரணம், இவை எல்லாமே மங்கலான நிறம், எல்லாமே சிறியவை, எல்லாமே புதருக்குள் இருப்பவை. கண்ணை மட்டும் நம்பினால் எங்கே வழுக்கும் என்பதை இவை சீக்கிரம் காட்டிவிடும்.

முதல் வழுக்கல் பெயரிலேயே இருக்கிறது. தமிழ்ப் பறவைப் பட்டியல்களில் 'கதிர்க்குருவி' என்ற சொல் பல பறவைகளுக்கு வருகிறது. சாம்பல் கதிர்க்குருவி, காட்டுக் கதிர்க்குருவி, நாணல் கதிர்க்குருவி, இலைக் கதிர்க்குருவி. படிப்பவர் எல்லாம் பங்காளிகள் என்றுதான் நினைப்பார். உண்மையில் முதல் இரண்டும் ஒரு குடும்பம், நாணல் கதிர்க்குருவி வேறு குடும்பம், இலைக் கதிர்க்குருவி மூன்றாவது குடும்பம். ஆனால் பெயரில் ஒட்டே இல்லாத தையல்சிட்டு, சாம்பல் கதிர்க்குருவியின் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வகைப்பாடு என்பது தோற்றத்தை வைத்துப் பெயர் சூட்டும் வேலை அன்று. யார் யாருக்குப் பிறந்தவர் என்று தேடும் வேலை. இந்த ஒன்று பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது.

படிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மேலே வரிசை: இவை மரத்தில் பற்றி அமரும் பறவைகளின் வரிசை. உலகப் பறவை இனங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே வரிசைக்குள் அடங்கும். அதற்குள் பாடும் பறவைகள் என்ற பெரும் பிரிவு. இனிமையாகப் பாடுவதற்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. குரலுறுப்பின் தசை அமைப்பும் மரபும்தான் கணக்கு. காக்கையும் இந்தப் பிரிவில்தான் வரும். அடுத்த படி குடும்பம்: சிஸ்டிகோலிடே. அதற்குக் கீழே பேரினம், பிரினியா. அதற்குள் இனம், இனத்துக்குள் துணையினம். மேலேயிருந்து இறங்க இறங்க உறவு நெருங்கும், அவ்வளவுதான்.

பெயரைப் படிக்கும் முறை

பிரினியா என்ற சொல் லத்தீனும் அல்ல, கிரேக்கமும் அல்ல. 1821-ல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு என்ற இயற்கையியலாளர் ஜாவாத் தீவின் பறவைகளை விவரித்தபோது, அந்த ஊர் மக்கள் ஒரு சிறு பறவையை அழைத்த 'பிரின்யா' என்ற பெயரையே பேரினத்துக்கு வைத்தார். அந்தப் பறவை பிரினியா ஃபெமிலியாரிஸ். பேரினத்தின் மாதிரி இனம் இதுதான். மாதிரி இனம் என்பதற்கு ஒரு சட்டப் பொருள் உண்டு: நாளைக்கு இந்தப் பேரினத்தை இரண்டாக உடைக்க வேண்டி வந்தால், ஜாவாப் பறவை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் 'பிரினியா' என்ற பெயர் சேரும். மற்றப் பக்கம் வேறு பெயர் தேடிக்கொள்ள வேண்டும். நம் மிளகாய்க் கொல்லைக் குருவியின் பெயர் ஜாவாவில் இருக்கும் ஒரு பறவையைப் பிடித்துத் தொங்குகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கும்.

நம் மூன்று இனங்களின் முழுப்பெயர்களைப் பாருங்கள். சாம்பல் கதிர்க்குருவி, பிரினியா சோசியாலிஸ் சைக்ஸ், 1832. சாதாக் கதிர்க்குருவி, பிரினியா இனோர்னேட்டா சைக்ஸ், 1832. காட்டுக் கதிர்க்குருவி, பிரினியா சில்வாட்டிகா ஜெர்டன், 1840. முதற்சொல் பேரினம், இரண்டாவது இனம். 'சோசியாலிஸ்' என்றால் கூடிப் பழகுவது, 'இனோர்னேட்டா' என்றால் அலங்காரமற்றது, 'சில்வாட்டிகா' என்றால் காட்டுக்குரியது. மூன்றாவது சொல் முதலில் விவரித்தவர், பின்னால் ஆண்டு. சைக்ஸ் தக்காணத்துப் பறவைகளைத் தொகுத்த ராணுவ அதிகாரி. ஜெர்டன் மதராஸ் ராணுவத்தின் மருத்துவர்.

இங்கே தொடக்கநிலையில் இருப்பவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு குறி உண்டு. விவரித்தவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் முதலில் அந்தப் பறவையை வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு யாரோ இடம் மாற்றினார்கள் என்று பொருள். அடைப்புக்குறி இல்லையென்றால் வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. நம் மூன்று பறவைகளுக்கும் அடைப்புக்குறி கிடையாது. முதலில் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருக்கும் பெயர்கள். பட்டியல் தட்டச்சு செய்பவர்கள் அழகுக்காக எல்லாப் பெயரையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறார்கள்; அது ஒரு வரலாற்றையே தவறாக எழுதுவது.

மூன்றையும் பிரித்தறிவது

சாம்பல் கதிர்க்குருவிதான் எளிது. தலையும் கன்னமும் அடர்சாம்பல், சிறகில் செம்பழுப்புச் சாயல், வயிறு வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு. கண் செம்பழுப்பு, அலகு கறுப்பு. நம் பகுதியில் இதற்கு வெண்புருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் இதே உடைதான். வட இந்தியத் துணையினம் அப்படியல்ல. பனிக்காலத்தில் முதுகு பழுப்பாகும், வால் நீளும். ஆகவே டெல்லிப் பக்கம் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பரமக்குடியில் பறவை பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். பறக்கும்போது மின்கம்பியில் பொறி தெறிப்பதுபோல் "டிக் டிக்" என்று ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும். பின்னால் திரும்பி நின்றிருந்தாலும் அந்தச் சொடுக்கு காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுத் தோட்டம், கொல்லை, கண்மாய்க் கரைப் புதர் எங்கும் இருக்கும்.

சாதாக் கதிர்க்குருவி பெயருக்கேற்ற எளிமை: மேலே மணல் பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை, கண்ணுக்கு மேல் சின்ன வெண்புருவம். நெல், கோரை, சம்பு என்று ஈரமான புல்வகை இருக்கும் இடங்களே இதற்கு விருப்பம். நெற்பயிர் நிற்கும் மாதங்களில் கண்மாய்ப் பாசன வயல்களில் தேடுங்கள். பாட்டு என்று சொல்வதைவிடப் பூச்சியின் ரீங்காரம் என்று சொல்லலாம்: "ட்லிக்-ட்லிக்-ட்லிக்" என்று மூச்சுவிடாமல் போகும். வெட்டுக்கிளி என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

கடினமானது காட்டுக் கதிர்க்குருவி. இதுவும் பழுப்பு, இதுவும் வெள்ளை வயிறு. ஆனால் உடல் கொஞ்சம் பெரிது, அலகு தடித்தது, வாலின் ஓர இறகுகள் தெளிவான வெள்ளை. நனைந்த வயலை விட்டு விலகி, உடைமரமும் சீமைக்கருவேலமும் நிற்கும் வறண்ட முள்புதரில் இருக்கும். ஆண் பறவை புதரின் உச்சியில், எல்லோருக்கும் தெரிய உட்கார்ந்து, இரண்டு அசை உள்ள ஒரே சொல்லை உரக்கத் திரும்பத் திரும்பச் சொல்லும். அந்தத் தாளம் ஒருமுறை காதில் ஏறிவிட்டால் அதன்பிறகு சாதாக் கதிர்க்குருவியோடு இதைக் குழப்பவே முடியாது. நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான்: இந்த இரண்டையும் கண்ணால் பிரிக்க முயன்று ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம், காதால் பிரியுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். உச்சிவெயிலில் சாம்பல் நிறம் வெளிறிப் பழுப்பாகத் தெரியும். அதனால் காலை ஒன்பது மணிக்குப் பிறகு நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. முட்புதரில் உராய்ந்து வால் நுனி தேய்ந்துவிடும். வால் குட்டை என்று பார்த்ததும் வேறு இனம் என்று பாய்ந்துவிடக் கூடாது. குஞ்சுப் பருவம் கடந்த இளம் சாம்பல் கதிர்க்குருவிக்கு வயிற்றில் மஞ்சள் பூச்சு இருக்கும்; புதிய இனம் கண்டதாகப் பலர் மகிழ்வது இதைப் பார்த்துத்தான். ஊதாத் தேன்சிட்டின் பெண் பறவையும் அளவில் ஒத்திருக்கும், ஆனால் அதன் அலகு வளைந்தது. தையல்சிட்டுக்கு முதுகு பச்சை, நெற்றி துரு நிறம். வயலுக்கு மேலே "ஜிட்… ஜிட்" என்று துள்ளித் துள்ளிப் பறக்கும், முதுகில் கோடுகள் உள்ள குட்டைவால் பறவை சிஸ்டிகோலா. குடும்பத்துக்கே பெயர் கொடுத்தது அதன் பேரினம்தான்.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இன்னொரு விருந்தாளி சேர்ந்துகொள்ளும்: நாணல் கதிர்க்குருவி. ஒரே பழுப்பு, நடுத்தர வால், கருவேலத்துக்குள் மறைந்தபடி "செக்… செக்" என்று கல்லோடு கல் தட்டுவதுபோல் ஒலிக்கும். வாலைப் பிரினியா மாதிரி செங்குத்தாக நிமிர்த்தாது. சித்திரை கழிந்த பிறகும் ஒரு 'நாணல் கதிர்க்குருவி' உங்கள் குறிப்பேட்டில் வந்தால், இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.

பழைய கூடை உடைந்த கதை

இப்போது முக்கியமான இடம். நெடுங்காலம் உலகின் சிறிய, மங்கலான, பூச்சி தின்னும் பாடும் பறவைகளில் பெரும்பகுதியைச் சில்விடே என்ற ஒரே குடும்பத்தில் போட்டு வைத்திருந்தார்கள். எங்கே வைப்பது என்று தெரியாததை எல்லாம் போடும் கூடை அது. மெல்லிய அலகு, பழுப்பு உடல், பூச்சித் தீனி, இந்த மூன்றும் இருந்தால் உள்ளே. புதருக்குள் பூச்சி பிடித்து வாழ வேண்டிய எந்தப் பறவைக்கும் இந்த மூன்றும் தானாகவே அமைந்துவிடும் என்பதுதான் சிக்கல். ஒரே தொழில் ஒரே உடலை உருவாக்கும். மீனும் ஓங்கிலும் ஒத்த வடிவில் இருப்பதால் அண்ணன் தம்பி ஆகிவிடாது என்று மன்னார் வளைகுடாவில் வலை இழுப்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; பழுப்புக் குருவிகள் விஷயத்தில் அதே தவறை அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் செய்தார்கள்.

மரபணுவை ஒப்பிடும் முறை வந்த பிறகு கூடை பிரிந்தது. 1990-ஐ ஒட்டி சிப்லி, அல்கிஸ்ட் என்ற இரு பறவையியலாளர்கள் மரபணு இழைகளைக் கலந்து ஒப்பிட்டபோது, பிரினியாவும் சிஸ்டிகோலாவும் தனிக் குடும்பம் என்பது வெளிப்பட்டது. 2006-ல் நடந்த இன்னொரு பகுப்பாய்வு, மிச்சமிருந்த கூடையிலிருந்து நாணல் கதிர்க்குருவிகளையும் இலைக் கதிர்க்குருவிகளையும் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரித்தது. தையல்சிட்டு பிரினியாவின் குடும்பத்துக்குள் நின்றது. யோசித்துப் பார்த்தால் அதற்கான தடயம் ஒன்று நம் தோட்டத்திலேயே இருந்திருக்கிறது: தையல்சிட்டு மட்டும் இலை தைப்பதில்லை, சாம்பல் கதிர்க்குருவியும் தைக்கும். அகலமான இலையின் விளிம்பில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலும் பஞ்சும் கோத்து இழுத்து, உள்ளே கூடு வைக்கும். இருந்தாலும் இதையே ஆதாரமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஒரே சாம்பல் கதிர்க்குருவி இனம், அகல இலை கிடைக்காத இடத்தில் புல்லால் பை போன்ற கூட்டையும் கட்டும். கூடு சூழ்நிலையைப் பொறுத்து மாறும். மரபு அப்படி மாறாது.

எதிர்ப்பக்க உதாரணம் இன்னும் அழுத்தமானது. சிந்து சமவெளியின் நாணற்காட்டில் ஒரு பறவை உண்டு. நீண்ட வால், கோடிட்ட பழுப்பு முதுகு, நாணலுக்குள் மறைந்து வாழ்வது. பட்டியல்கள் பலவற்றில் அது பிரினியா என்றே இருந்தது. 2013-ல் சிஸ்டிகோலிடே குடும்பத்தின் எல்லாப் பேரினங்களையும் மரபணுவால் சோதித்தபோது, அது இந்தக் குடும்பத்திலேயே இல்லை, தவிட்டுக்குருவி போன்ற சிலம்பன் வகைகளின் பக்கம் போய் நின்றது. இப்போது அதற்கும், அசாமின் பிரம்மபுத்திரா வெளியில் இருக்கும் அதன் உறவுக்கும் லாட்டிசில்லா என்ற தனிப் பேரினம். இரண்டு பறவையும் மாறவில்லை. நாம் அவற்றின் தாய்வழியைத் தவறாக எழுதியிருந்தோம்.

பிரிப்பது மட்டும் அல்ல, எவ்வளவு பிரிப்பது என்பதும் கேள்விதான். நம் சாதாக் கதிர்க்குருவியை ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவின் பிரினியா சப்ஃபிளேவாவோடு ஒரே இனமாகச் சேர்த்திருந்தார்கள். இன்று இரண்டும் தனி. எகிப்திலிருந்து வட இந்தியா வரை ஒரே இனம் என்று எண்ணப்பட்ட பிரினியா கிராசிலிஸை 2021-ல் இரண்டாக்கினார்கள். கிழக்குப் பாதி பிரினியா லெப்பிடா ஆனது. இதற்கு மூன்று சாட்சிகளைக் கேட்பார்கள்: மரபணு விலகல், பாட்டின் வேறுபாடு, உடல் அளவு நிறம். மூன்றும் ஒத்துப்போனால் பிரிப்பதில் தகராறு இருக்காது. ஒன்று மட்டும் நின்றால் பட்டியலுக்குப் பட்டியல் முடிவு மாறும். அதனால்தான் பிரினியா இனங்களின் எண்ணிக்கையை 'சரியாக இத்தனை' என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. நீங்கள் எழுதும்போது எந்தப் பட்டியலின் எந்த ஆண்டுப் பதிப்பு என்று குறிப்பிட்டுவிட்டால் போதும்.

பாக் நீரிணை பிரித்தவை

துணையினம் என்பதை விளக்க ராமநாதபுரத்தைவிட நல்ல இடம் இல்லை. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ. அந்தத் தூரத்துக்கு அப்பால் இருக்கும் சாம்பல் கதிர்க்குருவி வேறு துணையினம்: பிரெவிகாடா. குட்டைவால் என்று பொருள். பெயரே அடையாளம் சொல்லிவிடுகிறது. சாதாக் கதிர்க்குருவிக்கும் இலங்கையில் தனித் துணையினம் உண்டு, இன்சுலாரிஸ், அதாவது தீவினது. காட்டுக் கதிர்க்குருவிக்கும் அங்கே வாலிடா என்று தனியாக ஒன்று. நம் கொல்லையில் இருக்கும் மூன்றுக்குமே கடலுக்கு அப்பால் தனிக் கிளை.

ஏன்? சிறகைப் பாருங்கள். குட்டை, வட்டமானது, புதருக்குப் புதர் தாவுவதற்கு வளர்ந்த சிறகு. ஆயிரக்கணக்கான கி.மீ. தாண்டி வரும் நாணல் கதிர்க்குருவிக்கு முப்பது கி.மீ. நீர் ஒரு பொருட்டே இல்லை. பிரினியாவுக்கு அது மதில். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. ஆழமில்லாத பாக் நீரிணை அப்போது தரை. குருவிகள் நடைபாதையாகப் புதர் புதராகப் போயிருக்க முடியும். நீர் ஏறிய பிறகு இரு பக்கத்துக் கூட்டமும் தனித்தனியே இனம்பெருக்கின. வால் நீளம், நிறச் சாயல் போன்றவை விலகத் தொடங்கின, ஆனால் தனி இனம் என்று சொல்லும் அளவுக்கு விலகவில்லை. இனத்துக்கும் துணையினத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த நிலையைப் புத்தகத்தில் வரையறையாகப் படிப்பதைவிட, பாம்பன் பாலத்தில் நின்று கிழக்கே பார்த்துப் புரிந்துகொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை: வால் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது என்று மண்டபம் ஊரில் பார்த்த குருவியைப் பிரெவிகாடா என்று எழுதிவிடாதீர்கள். துணையினத்தை வயலில் நின்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. இறக்கையையும் வாலையும் அளவுகோலால் அளந்து, பல பறவைகளின் சராசரியை ஒப்பிட வேண்டும். அது உரிமம் பெற்ற ஆய்வாளர்களின் வேலை. நம் குறிப்பேட்டில் இனத்தோடு நிறுத்துவதே சரி.

தொடங்க விரும்புபவர் இப்படிச் செய்யலாம். சூரியன் எழுந்து முதல் இரண்டு மணி நேரம். 8 மடங்கு பெருக்கும் இருகண்ணோக்கி போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், புதருக்குள் ஓடும் பறவையைத் தொடர்வது கடினம். ஒரே காலையில் மூன்று இடம்: கோரையோ நெல்லோ உள்ள கண்மாய் ஓரம், மிளகாய் அல்லது பருத்திக் கொல்லை, உடைமரப் புதர். ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். தேடி அலைந்தால் குருவி உள்ளே போய்விடும், நின்றால் அதுவே மேலே வரும். எழுதும் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் சத்தம், பிறகு புருவம் உண்டா இல்லையா, பிறகு வால் ஓர வெள்ளை, கடைசியில்தான் நிறம். பலரும் நிறத்தில் தொடங்கி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

சத்தத்தைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து, முடிவில் ஊர், தேதி, நேரம், புதரின் வகை ஆகியவற்றை வாயால் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். கடல்காற்று எழுந்தால் பதிவு முழுக்க இரைச்சல்தான் இருக்கும். கைப்பேசியின் ஒலிவாங்கியை உள்ளங்கையால் காற்றுப் பக்கம் மறைத்துக்கொண்டால் பாதி குறையும். பறவையின் குரலை ஒலிபெருக்கியில் போட்டு வெளியே இழுக்க வேண்டாம். எதிரி வந்ததாக எண்ணி ஆண் பறவை அலையும், கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அது அந்த நேரத்துக்குக் காவலின்றிப் போகும். சாம்பல் கதிர்க்குருவி மூன்று முதல் ஐந்து முட்டை வைக்கும், பளபளக்கும் செங்கல் சிவப்பு. சுமார் 12 நாளில் பொரிக்கும். இலைக்குள் தைத்த கூட்டைக் கண்டால் கையால் விலக்கிப் பார்க்கக் கூடாது. நூல் தளர்ந்த இலை காற்றில் திறந்துகொள்ளும், செம்போத்தும் காக்கையும் அதற்காகவே காத்திருக்கும். பத்தடி தள்ளி நின்று, பெற்றோர் இரண்டும் வந்துபோகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.